முன்விளக்கு உறையைக் கழற்றும் கை

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ தொழிற்பேட்டைப் பட்டறைகளில் நான் ரசித்துப் பார்ப்பது எஞ்சின் வேலையை அல்ல, முன்விளக்கு உறையைக் கழற்றும் நிதானத்தை. ஹோண்டா வேவ் போன்ற மோட்டார் சைக்கிள்களில் விளக்கு கைப்பிடி உறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். திருகுகளை எடுத்ததும் அவசரக்காரர் இழுப்பார். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒடியும். தேர்ந்த மெக்கானிக் விளிம்பை விரலால் தடவி, கொக்கி எங்கே பிடித்திருக்கிறது என்று அறிந்து, மெல்ல நெம்புவார். ஒயர் கனெக்டரைக் கழற்றும்வரை மறுகை உறையைத் தாங்கியே இருக்கும்.

திரும்ப மாட்டும்போதுதான் கைத்திறமே தெரியும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, பழைய மரையில் அது 'டக்'கென்று விழுந்த பிறகே முடுக்குவார். எத்தனை அழகான பழக்கம்! மரை தேயாது, வெயிலில் காய்ந்த உறையும் விரிசல் விடாது.

சிங்கப்பூரில் 1995 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டே ஓட வேண்டும். ஓயாத சூடும் பூமத்திய ரேகை வெயிலும் சேர்ந்தால் பாலிகார்பனேட் கண்ணாடி மஞ்சளிக்கும். அதைத் துடைக்கப் பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், நுண்விரிசல் விழும். மென்மையான சோப்பு நீரும் பருத்தித் துணியும் போதும். பல்பை மாற்றும்போது ஹாலோஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

அடுத்த முறை வண்டியை விட்டுவிட்டு காப்பிக்கடைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று அந்தக் கைகளைப் பாருங்கள்.