மதில்களும் மனிதர்களும்: மக்திஸியின் மத்ரஸா ஆய்வு குறித்து ஒரு மதிப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கு ஒன்றில் நானும் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். உரையாற்றிய பெரியவர், முஸ்லிம்கள் உலகுக்கு அளித்த கொடைகளை வரிசையாக எடுத்துரைத்தார். உலகின் முதல் பல்கலைக்கழகம் நம்முடையது, இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர் நம்மவர், கோபர்நிகசுக்கு முன்னோடியும் நம்மவரே என்று அவர் கூறியபோது அவை பூரித்தது. கூட்டம் கலைந்தபின் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் மேடையருகே வந்து, “ஹள்ரத், இரத்த ஓட்டத்தைப் பற்றி அவர் எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறார்? அதை இக்காலத்தில் கண்டெடுத்தவர் யார்?” எனப் பணிவுடன் வினவினார். உரையாளரிடம் விடையில்லை. அருகில் நின்ற ஆலிம்களாகிய எங்களிடமும் இல்லை. அன்று எனக்கேற்பட்ட நாணமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

பின்னர்த் தேடிப் படித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. நம் மேடைகளில் முழங்கும் அம்மூன்று கூற்றுகளும், இருபதாம் நூற்றாண்டில் நடைபெற்ற மூன்று பல்கலைக்கழக ஆய்வுகள் தொட்ட பொருள்களே. ஒன்று மருத்துவம், மற்றொன்று வானியல், மூன்றாவது கல்வி வரலாறு. இம்மூன்றாவது துறையில் தலையாய நூல் ஜார்ஜ் மக்திஸி எழுதிய ‘கல்லூரிகளின் எழுச்சி’ என்னும் ஆங்கில நூலாகும். எடின்பரோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1981இல் வெளியிட்ட அந்நூலை, மற்ற இரு ஆய்வுகளின் வெளிச்சத்தில் எடைபோட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

மக்திஸி (1920–2002) அமெரிக்காவில் பிறந்த லெபனான் வழித்தோன்றல். ஹார்வர்டிலும் பின்னர்ப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர். ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு அகீல் (ரஹ்) அவர்களைப் பற்றிய ஆய்விலேயே நெடுங்காலம் தோய்ந்தவர். மத்ரஸாவைப் பற்றி எழுத வந்த மேலை அறிஞர் பலர் கட்டடங்களையும் அரசர்களையும் பேசிக்கொண்டிருக்க, இவர் ஃபிக்ஹு நூல்களையும் வரலாற்று நூல்களையும் திறந்து, வக்ஃபுச் சட்டத்திலிருந்து தம் ஆய்வைத் தொடங்கினார். அதுவே அவருடைய முதற்பெருமை.

அவர் வரையும் சித்திரம் இது: முதலில் பள்ளிவாசலில் பாடம் நடந்தது. பின்னர் வெளியூர் மாணவர் தங்குவதற்குப் பள்ளியை ஒட்டி விடுதி எழுந்தது. முடிவில் பாடமும் தங்குமிடமும் உதவித்தொகையும் ஒரே வக்ஃபின்கீழ் அமைந்த மத்ரஸா உருவாயிற்று. ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) பாக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா அதன் புகழ்மிக்க வடிவம். அங்கே முதர்ரிஸ் உண்டு. அவர் நடத்திய பாடத்தை மாணவருக்கு மீண்டும் விளக்கும் முஈது உண்டு. கருத்து வேறுபாடுகளை எடுத்து வாதிடும் முனாளரா உண்டு. இறுதியில் பாடம் நடத்தவும் ஃபத்வா அளிக்கவும் இஜாஸா உண்டு. ஐரோப்பாவில் பிற்காலத்தில் தோன்றிய ‘கற்பிக்கும் உரிமை’க்கும் அதிலிருந்து வளர்ந்த முனைவர் பட்டத்துக்கும் இந்த இஜாஸாவே முன்மாதிரி என்பது மக்திஸியின் வாதம். 1180இல் பாரிஸில் ஏழை மாணவர்க்கெனத் தோன்றிய முதற்கல்லூரியை நிறுவியவர் ஜெருசலம் சென்று திரும்பியவர் என்பதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார்.

ஆனால் நம் பேச்சாளர்கள் கவனிக்க வேண்டிய மறுபக்கமும் அந்நூலில் உண்டு. கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு என்பதை மக்திஸி அழுத்தந்திருத்தமாக வரையறுக்கிறார். பல்கலைக்கழகம் என்பது ஆசிரியரும் மாணவரும் ஒன்றுகூடிச் சட்டத்தின் முன் ஒரே ஆளாக நிற்கும் கூட்டமைப்பு. அது ஐரோப்பாவில் தோன்றியது. நம் ஃபிக்ஹு அத்தகைய கூட்டமைப்பை வகுக்கவில்லை, வக்ஃபையே வகுத்தது. இந்த அளவுகோலின்படி, கி.பி. 859இல் ஃபெஸ் நகரில் எழுந்த கரவிய்யீன் ஒரு பள்ளிவாசலாகும். பிற்காலத்தில் அது பெரும் கல்விக்கூடமாக வளர்ந்தது. மொராக்கோ அரசின் பல்கலைக்கழக அமைப்புக்குள் வந்தது 1960களில்தான். இதைச் சொல்வதால் கரவிய்யீனின் மதிப்புக் குறைந்துவிடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓதலும் ஓதுவித்தலும் நடந்துவரும் இடத்துக்கு இரவல் பட்டம் எதற்கு?

இதுவரை மக்திஸியோடு உடன்படுகிறேன். முரண்படும் இடம் இனி வருகிறது.

வக்ஃபு செய்தவரின் நிபந்தனை, ஷரீஅத்தின் மூலவாசகம் போன்று பேணத்தக்கது என்பது ஃபுகஹாக்களின் விதி. இதிலிருந்து மக்திஸி ஒரு முடிவுக்கு வருகிறார்: மத்ரஸாவின் வக்ஃபு ஃபிக்ஹுக்காகவே செய்யப்பட்டது, எனவே மருத்துவம், கணிதம், மெய்யியல் ஆகிய ‘முன்னோர் அறிவியல்கள்’ அதன் மதிலுக்கு வெளியே நின்றன. அவை தனிவீடுகளிலும் மருத்துவமனைகளிலும் நூலகங்களிலும் பயிலப்பட்டன என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும் அவற்றை ஓரத்தில் நிறுத்திவிட்டு மேலே செல்கிறார். நூலை முடிக்கும் வாசகர் மனத்தில், இங்கே ஃபகீஹ், அங்கே ஹகீம், இடையே ஓர் உயர்ந்த மதில் என்ற எண்ணமே எஞ்சுகிறது. இது சரியா?

மருத்துவ ஆய்வு முதலில் விடையளிக்கட்டும். 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவுக்கு, எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பெர்லின் நூலகத்திலிருந்த அரபிச் சுவடி ஒன்றே அதன் அடிப்படை. இப்னு சீனாவின் ‘கானூன்’ நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு இப்னுந் நஃபீஸ் எழுதிய விரிவுரை அது. இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு, நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாக இரத்தம் செல்கிறது என்று கிரேக்க அறிஞர் காலன் கூறியிருந்தார். இப்னுந் நஃபீஸ் அதை மறுத்தார். அச்சுவரில் துளை இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்த பின்னரே இடப்புறம் வந்தடைகிறது என்று எழுதினார். அச்சிடப்படாத தத்தாவியின் ஆய்வேட்டைக் கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவர் மாக்ஸ் மையர்ஹாஃப் எடுத்து ஆராய்ந்து, 1930களில் உலகறியச் செய்தார். அந்த மாணவரின் வினாவுக்குரிய விடை இதுவே.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இப்னுந் நஃபீஸ் கண்டுரைத்தது நுரையீரல் வழி நிகழும் சுற்று மட்டுமே. உடல் முழுவதும் சுழலும் இரத்த ஓட்டத்தை 1628இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. ஒருவருக்குரியதைப் பிறிதொருவருக்கு ஏற்றிச் சொல்வது அமானிதத்தில் குறை செய்வதாகும்.

நம் விவாதத்துக்கு வேண்டியது இப்னுந் நஃபீஸின் வாழ்க்கை. அவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹ். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஃபிக்ஹு கற்பித்தவர். ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் சுப்கீ (ரஹ்) அவர்கள், தம் நூலில் அவருக்கும் இடமளித்திருக்கிறார்கள். ஹதீஸ் கலையிலும் அவர் நூல் இயற்றினார். ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) இறப்பெய்து முன் தம் வீட்டையும் நூல்களையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கு எழுதி வைத்தார். மத்ரஸாவின் வக்ஃபுப் பத்திரத்தில் மருத்துவம் இல்லாதிருக்கலாம்; மத்ரஸாவின் ஆசிரியரிடம் அது இருந்தது.

அடுத்து வானியல். பெய்ரூத்திலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கென்னடியும் அவரைச் சார்ந்து ஆராய்ந்தவர்களும், 1950களில் இப்னுஷ் ஷாத்திரின் வானியல் சுவடிகளைப் படித்தனர். விக்டர் ராபர்ட்ஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரை அறிவுலகை வியப்பில் ஆழ்த்தியது. சந்திரனின் இயக்கத்துக்கு இப்னுஷ் ஷாத்திர் வகுத்த அமைப்பும், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கோபர்நிகஸ் தந்த அமைப்பும் சாராம்சத்தில் ஒன்றாக இருந்தன. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று இப்னுஷ் ஷாத்திர் கூறவில்லை. பூமியை நடுவில் வைத்தே கணக்கிட்டார். அவருடைய கணக்கு எவ்வழியாகக் கோபர்நிகஸை அடைந்தது என்பதும் இன்றுவரை விவாதத்திலேயே உள்ளது.

இப்னுஷ் ஷாத்திர் செய்த பணி யாது? ஹிஜ்ரி 777இல் (கி.பி. 1375) மறைந்த அவர், டமாஸ்கஸ் உமவிய்யா பெரும்பள்ளியின் முவக்கித். ஐவேளைத் தொழுகையின் நேரத்தைக் கணித்துரைப்பதே அவருடைய கடமை. அப்பள்ளியின் மினாராவுக்கென அவர் செதுக்குவித்த சூரியக் கடிகாரம் புகழ்பெற்றது. ‘முன்னோர் அறிவியல்’ என மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வானியல், பாங்கொலிக்கும் மினாராவின் நிழலில் ஊதியம் பெற்று வாழ்ந்தது.

வக்ஃபுப் பத்திரத்தைப் படித்த அளவுக்கு மனிதர்களின் வாழ்க்கையை மக்திஸி படிக்கவில்லை என்பதே என் மதிப்பீடு. நிறுவனத்தின் சட்டத்தை அவரைப்போல் விளக்கியவர் அரிது. ஆயினும் சட்டம் வாயிலைத்தான் காட்டும். வாயிலின் வழியே போய்வந்த மனிதர்களைக் காட்டாது. இடைக்காலக் கெய்ரோவின் கல்விமுறை பற்றி ஜோனதன் பெர்க்கி 1992இல் வெளியிட்ட நூல், இஸ்லாமியக் கல்வி கட்டடத்தைவிட ஆசிரியர்–மாணவர் உறவையே சார்ந்திருந்தது என நிறுவி இக்குறையை ஓரளவு நிறைவு செய்தது. இஜாஸாவில் ஆசிரியரின் பெயர் இருக்கும், மத்ரஸாவின் பெயர் இராது என்பதை நம் உஸ்தாதுகளிடம் இஜாஸா பெற்ற எவரும் அறிவர்.

இனி நம் நிலைக்கு வருவோம். மேற்கண்ட மூன்று ஆய்வுகளுக்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. மருத்துவமும் அரபியும் அறிந்தவர் ஒருவர், கணிதமும் அரபியும் அறிந்தவர்கள் சிலர், வரலாறும் அரபியும் அறிந்தவர் ஒருவர். இவர்களால்தான் அவை கைகூடின. பெர்லினில் இருந்த அச்சுவடியை அரபி மட்டுமே அறிந்த ஆலிம் வாசித்திருந்தால், அதன் மருத்துவப் பெறுமதி அவருக்கு விளங்கியிராது. மருத்துவம் மட்டுமே அறிந்தவரால் அதை வாசிக்கவே முடிந்திராது.

நம்மிடையே இவ்விரு சாராரும் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சந்திப்பதில்லை. மத்ரஸாவின் பாடத்திட்டம் இடந்தராது என்று நாம் நெடுங்காலமாகக் கூறிவருகிறோம். மஸ்ரூரிய்யாவின் பாடத்திட்டமும் இடந்தந்ததாகத் தெரியவில்லை. இப்னுந் நஃபீஸ் அதற்காகக் காத்திருக்கவுமில்லை. ஓர் அரபிக் கல்லூரியின் மூத்த மாணவர் இருவரும் அவ்வூர் மருத்துவர் ஒருவரும் வாரம் ஒருமுறை அமர்ந்து, இப்போது அச்சில் கிடைக்கும் பழைய அரபி மருத்துவ நூலொன்றைச் சேர்ந்து வாசிப்பதற்கு எந்த வக்ஃபுப் பத்திரமும் தடையாக நிற்காது.

அவ்வாறு வாசிப்போர் நம்மிடையே தோன்றும்வரை, முன்னோரின் பெருமையை நாம் பிறர் எழுதியதைக் கொண்டே பேசிக்கொண்டிருப்போம். அதிலும் பாதியை மிகைப்படுத்தியே பேசுவோம். அன்று மேடையருகே நின்ற அம்மாணவரின் இரண்டாம் வினாவுக்கு நான் தந்திருக்க வேண்டிய விடை 1924க்கு உரியது. இனி அத்தகைய வினா எழும்போது, விடையாக நம் மாணவர் ஒருவரின் பெயரைச் சொல்லும் நிலை வாய்க்க வேண்டும் என்பதே என் துஆ.