கன்னி நிலமும் கல்குவியலும்

தமிழில் உழாத நிலத்துக்குக் கன்னி நிலம் என்று பெயர். கோடரி படாத காடு கன்னிக்காடு. சட்டமன்றத்தில் ஒருவர் முதன்முறையாகப் பேசினால் அது கன்னிப்பேச்சு. தினத்தந்தியில் தலைமுறைகளாக முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் படக்கதைக்கும் கன்னித்தீவு என்றே பெயர். ஆணின் கை படாததே தூய்மை, அந்தக் கை முதலில் படும் நேரமே தொடக்கம் என்கிற கணக்கு நம் மொழிக்குள் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருப்பதால்தான், தீவுச் சுற்றுலா பற்றி எழுதப்படும் எதையும் நாம் உறுத்தல் இல்லாமல் வாசித்துவிடுகிறோம். 'தீண்டப்படாத கடற்கரை', 'கன்னித்தன்மை மாறாத இயற்கை', 'உங்களுக்காகவே காத்திருக்கும் தீவு' என்பவையெல்லாம் மணப்பெண் விளம்பரத்தின் சொற்கள். சொல்லப்படுவது நிலத்தைப் பற்றி என்பது மட்டுமே வேறுபாடு.

மொரீசியஸை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து தேனிலவுக்குச் செல்லும் வசதி படைத்தவர்களுக்கு விற்கப்படும் தீவுகளில் அது முக்கியமானது. பார்க்க வேண்டிய இயற்கை இடங்களின் பட்டியல் ஏறக்குறைய மாறுவதில்லை. ஷமாரெலின் ஏழு வண்ண மண், அதன் அருகே அருவி, பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகளின் காடு, கடலுக்குள் நீண்டு நிற்கும் ல மோர்ன் மலை, க்யூர்பிப்பின் எரிமலை வாய், பாம்பிள்மூஸ் தோட்டத்தின் ராட்சத அல்லிகள், கிழக்கே மான் தீவு. இவை அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாமியார் வீட்டுக் கண்களுக்கு வெளியே, முதன்முறையாகக் கடலில் இறங்கி நிற்கும் ஒரு இளம்பெண்ணின் மகிழ்ச்சியைக் கேலி செய்வது பெண்ணியமும் ஆகாது. என் கேள்வி அந்தப் பட்டியலின் மொழியைப் பற்றியது. இயற்கை என்று அது எதைச் சொல்கிறது? அப்படிச் சொல்லும்போது யாரை அழிக்கிறது?

முதலில் கன்னித்தன்மையைப் பார்ப்போம். மொரீசியஸின் பூர்விகக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. 1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினார்கள். பிறகு வந்த பிரெஞ்சுக்காரர்களும், 1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர்களும் மிச்சத்தைக் கரும்புக்காக அழித்தார்கள். மான் தீவுக்குப் பெயர் கொடுத்த மான் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. கடற்கரையில் நிழல் தரும் சவுக்கு வெளியிலிருந்து வந்து நடப்பட்டது. ஆண்டு இறுதியில் சிவந்து பூக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கருடையது. பாம்பிள்மூஸின் அல்லி அமேசான் நீர்நிலைகளுடையது. படம் பிடிக்கப்படும் 'இயற்கை' முழுவதும் மனிதக் கைகள் வெட்டி, சுமந்து, நட்டு உருவாக்கியது.

அந்தக் கைகள் விட்டுச்சென்ற தடம் ஒன்று தீவின் எந்தச் சாலையிலிருந்தும் தெரியும். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கறுத்த எரிமலைப் பாறைகள் குவியல் குவியலாக, சில இடங்களில் பிரமிடுபோல் அடுக்கி நிற்கின்றன. நிலத்தைக் கரும்புக்கு ஆயத்தம் செய்ய அடிமைகளும், அவர்களுக்குப் பின் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளும் பொறுக்கி அடுக்கிய கற்கள் அவை. எந்தப் பட்டியலிலும் அவை இல்லை. ஏழு வண்ண மண்ணுக்கு வேலியும் கட்டணமும் உண்டு. கல்குவியலுக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. எரிமலைப் பாறை சிதைந்து, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால் நிறம் பிரிந்த மண் 'இயற்கை அதிசயம்' ஆகிறது. அதே பாறையை மனிதர்கள் தலையில் சுமந்து அடுக்கினால் அது காட்சியாகக்கூட ஆவதில்லை.

இந்தத் தீவைச் சொர்க்கமாக எழுதும் மரபுக்கு ஒரு மூலநூல் உண்டு. பெர்னார்தென் த சேன்-பியேர் 1788இல் வெளியிட்ட 'பவுலும் விர்ஜினியும்'. ஆசிரியர் 1768 முதல் 1770 வரை தீவில் வாழ்ந்தவர். நாயகியின் பெயரே கன்னி என்று பொருள்படுவது தற்செயல் அல்ல. கதையின் தொடக்கம் இன்றைய வாசகிக்கும் ஈர்ப்புடையது. கணவனை இழந்த ஒருத்தியும் காதலனால் கைவிடப்பட்ட ஒருத்தியும் தகப்பன்மார் இல்லாத ஒரு வீட்டை மலையடிவாரத்தில் அமைக்கிறார்கள். சமூகம் தள்ளிவைத்த பெண்களுக்கு இயற்கை அடைக்கலம் தருகிறது. ஆனால் அந்த அடைக்கலத்தில் உழுபவன் தொமேங் என்னும் அடிமை, கூடையும் துணியும் முடைபவள் மடகாஸ்கரில் பிறந்த மரி என்னும் அடிமை. இரு வெள்ளைப் பெண்களின் விடுதலை இன்னொரு பெண்ணின் அடிமைத்தனத்தின் மேல் நிற்பதை நூல் ஒரு முரணாக உணர்வதே இல்லை. எஜமானிகள் நல்லவர்கள் என்பதே அதற்குப் போதுமாக இருக்கிறது.

நூலின் ஒரு நிகழ்ச்சியை நிதானித்து வாசிக்க வேண்டும். எஜமானனின் கொடுமை தாங்காமல் தப்பிவந்த ஓர் அடிமைப் பெண் பசியோடு விர்ஜினியின் முன்னால் வந்து நிற்கிறாள். விர்ஜினி அவளுக்கு உணவு தருகிறாள். பிறகு அவளை அழைத்துக்கொண்டு பவுலுடன் பிளாக் ரிவர்வரை நடந்துபோய், மன்னிக்கும்படி எஜமானனிடம் வேண்டி, அவனிடமே ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறாள். எஜமானன் மன்னித்தது அந்தப் பெண்ணின் துயரத்துக்காக அல்ல. விர்ஜினியின் அழகுக்காக. அவள் காலிலும் கழுத்திலும் இரும்பு பூட்டப்பட்டிருந்ததைத் தொமேங் பின்னர் பார்த்துவந்து சொல்கிறான். அவளுக்கு நூலில் பெயர் இல்லை.

அந்தத் திரும்பும் வழியில்தான் ஆற்றின் இரைச்சலுக்கு அஞ்சும் விர்ஜினியைப் பவுல் தூக்கிக்கொண்டு கடக்கிறான். மொரீசியஸில் பிறந்த சிற்பி ப்ரோஸ்பேர் தெபினே 19ஆம் நூற்றாண்டில் சிலையாக வடித்ததும் அவன் அவளைத் தூக்கி ஆற்றைக் கடக்கும் காட்சியைத்தான். அதன் வார்ப்பு க்யூர்பிப்பில் நிற்கிறது. சுற்றுலாத் தம்பதிகள் அதன்முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்ணைத் தூக்கிச் சுமக்கும் ஆணின் காதல் என்று நமக்குக் காட்டப்படுவது, இன்னொரு பெண்ணைச் சங்கிலிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் வழியில் நிகழ்ந்தது. சிலை அவர்கள் இருவரை மட்டும் எடுத்துக்கொண்டது. தேனிலவுப் பட்டியல் செய்வதும் இதே வேலைதான்.

விர்ஜினியின் முடிவு நமக்கு இன்னும் நெருக்கமானது. பருவமடைந்த பெண் பிரான்சுக்கு அனுப்பப்படுகிறாள். திரும்பி வரும் கப்பல் கரை தெரியும் தொலைவில் உடைகிறது. மாலுமி ஒருவன் ஆடையைக் களைந்தால் காப்பாற்றுவேன் என்று மன்றாட, அவள் மறுத்து மூழ்கிறாள். சேன்-ஜெரான் என்ற கப்பல் 1744இல் உண்மையிலேயே அங்கே உடைந்தது. ஆனால் அந்த விபத்தை நாணத்தின் தியாகமாக மாற்றியது எழுத்தாளரின் கை. ஐரோப்பா அழுது கொண்டாடிய மரணம் அது. 2004 ஆழிப்பேரலையில் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள் என்பதை அறிந்த நம்மால் அந்த அழுகையில் கலந்துகொள்ள முடியாது. கடலோரத்தில் பிறந்தும் நீந்தக் கற்றுத்தரப்படாதவர்கள், புடவை காலைச் சுற்றிக்கொண்டவர்கள், பிள்ளைகளைத் தேடி நின்றவர்கள் அவர்கள். நாணத்தால் பெண் மூழ்குவது காவியமல்ல. ஒரு சமூகம் பெண்ணுடலுக்குச் செய்துவைத்த ஏற்பாட்டின் விளைவு.

தீவைச் சொர்க்கத்தோடு ஒப்பிடும் மேற்கோள் ஒன்று மார்க் ட்வைன் பெயரில் விளம்பரங்களில் வலம்வருகிறது. மொரீசியஸை முதலில் படைத்து, அதைப் பார்த்தே சொர்க்கம் செய்யப்பட்டதாம். 1897இல் வெளியான தன் பயண நூலில் ட்வைன் இதைத் தன் கருத்தாகச் சொல்லவில்லை. உள்ளூர்வாசி ஒருவர் பெருமையாகச் சொன்னதாக எழுதி, அது மிகை என்று மறுக்கும் இன்னொருவர் பேச்சையும் உடனே சேர்க்கிறார். விளம்பரம் இரண்டாமவரை நீக்கிவிட்டது. சொர்க்கம் என்ற சொல் நிலைக்க வேண்டுமானால் மறுப்பவர் இருக்கக் கூடாது.

ல மோர்ன் மலையில் அப்படி நீக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 1835இல் அடிமைமுறை ஒழிந்ததை அறிவிக்க வந்த படையைத் தங்களைப் பிடிக்க வந்ததாக நினைத்து, அவர்கள் பாறையிலிருந்து குதித்து இறந்தார்கள் என்று அங்குள்ள மக்களின் வாய்மொழி சொல்கிறது. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக ஏற்றது, பண்பாட்டு நிலவெளி என்ற வகையில். ஆனால் பட்டியல்களில் அது இன்னும் 'இயற்கை'யின் கீழ்தான் வருகிறது. அடிவாரத்தின் சொகுசு விடுதிகளுக்கு அது திருமணப் படங்களின் பின்னணி. அந்த மலையை நோக்கி ஓடியவர்களில் பெண்களும் இருந்தார்கள். நாவலின் பெயரில்லாத பெண் பிளாக் ரிவருக்குத் திரும்பாமல் அங்கே போயிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது.

தமிழில் மொரீசியஸ் பற்றி எழுதுபவர்களுக்கு இன்னொரு பரவசம் உண்டு. ரூபாய் நோட்டில் தமிழ், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை, நூறு ரூபாயில் ரெங்கநாதன் சீனிவாசனின் முகம். 1998இல் வந்த நோட்டுகளில் தமிழ் பின்னுக்குத் தள்ளப்பட்டதாக எழுந்த எதிர்ப்பில் அவை திரும்பப் பெறப்பட்டதையும் பெருமையோடு சொல்வார்கள். அந்த நோட்டு வரிசையில் இருக்கும் முகங்கள் அனைத்தும் ஆண்களுடையவை என்பதை இவர்கள் எழுதி நான் வாசித்ததில்லை. அஞ்சலையைப் பற்றியும் எழுதுவதில்லை.

அஞ்சலை கூப்பன் கரும்புத் தோட்டத் தொழிலாளி. 1943 செப்டம்பர் 27 அன்று வடக்கே பெல் வ்யூ ஹரேல் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டுப் போராடிவந்த தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டது. இறந்த நால்வரில் அஞ்சலையும் ஒருவர். அப்போது அவர் கருவுற்றிருந்தார். அவர் பெயரில் அங்கே ஒரு கால்பந்து அரங்கம் இருக்கிறது. அல்லிக் குளத்தைப் பார்க்க பாம்பிள்மூஸ் போகிறவர்கள் அந்த வட்டாரத்துக்குத்தான் போகிறார்கள். அஞ்சலை என்ற பெயர் தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் காதில் விழக்கூடியது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கடல்கடந்த பெண்களின் வழித்தோன்றலை, தமிழ்ப் பெருமை தேடிப்போகும் எழுத்து கண்டுகொள்ளவில்லை. கோயில் கோபுரம் கண்ணில் பட்ட அளவுக்குக் கரும்பு வெட்டிய பெண் படவில்லை.

இன்றும் கடற்கரை 'தீண்டப்படாததாக' காலை எட்டு மணிக்குத் தெரிவதற்கு யாரோ விடியலில் அதைக் கூட்டியிருக்க வேண்டும். வெள்ளை விரிப்பை யாரோ துவைத்து, இழுத்துச் செருகியிருக்க வேண்டும். விடுதியின் நன்மை கூலியாகத் தங்களுக்கும் வருகிறது என்று அந்தப் பெண்கள் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் சட்டப்படி கடற்கரை பொதுமக்களுடையதாக இருக்கும் நாட்டில், அதன் பின்னால் உள்ள அரசு நிலம் விடுதிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போய்விட்டால், கரையை அடையும் வழி யாருக்குக் குறுகுகிறது என்பதும் உண்மை.

2020 ஜூலையில் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளத்திட்டில் மோதி எண்ணெய் கசிந்தபோது, விளம்பரம் சொன்ன இயற்கையைக் காக்க விளம்பரம் வரவில்லை. மக்கள் வந்தார்கள். துணிகளைத் தைத்துக் கரும்புச் சோகையை அடைத்து மிதவைகள் செய்தார்கள். எண்ணெயை உறிஞ்சும் என்பதால் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டம் முன்னோரின் உடம்பை உறிஞ்சியதோ அதன் சோகையும் தங்கள் உடம்பின் முடியுமாகக் கடலில் இட்டுத் தங்கள் கரையைக் காக்க முயன்றார்கள். நிலத்தோடு ஒருவருக்கு உறவு இருக்கிறது என்பதன் பொருள் இது. கன்னி என்ற சொல்லால் இந்த உறவைச் சொல்ல முடியாது. கை பட்டதால் உண்டான உறவு இது.

ஆகவே, மொரீசியஸ் போகாதீர்கள் என்பதல்ல இக்கட்டுரை. எழுதுகிறவர்கள் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஷமாரெலுக்குப் போகும் வழியில் கல்குவியலைக் காட்டி அது எப்படி வந்தது என்று சொல்லலாம். க்யூர்பிப்பின் சிலை முன்னால் நிற்கும்போது மூன்றாவது பெண்ணைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். பாம்பிள்மூஸின் அல்லிக்கு ஒரு பத்தி ஒதுக்கினால், அடுத்த பத்தியை அஞ்சலைக்குத் தரலாம்.