கொல்லி ஓரியும் எழுவர்க்குப் பின் வந்த வள்ளல்களும்

நெடுங்காலம் நடந்த கதையுலகம் ஒன்றை முடித்துவிட்டு, அதனையே முதலிலிருந்து மீண்டும் தொடங்கும் வழக்கம் இக்காலப் படக்கதைகளிடையே உண்டு. அமெரிக்க நாட்டு டி.சி. காமிக்ஸ் நிறுவனம் 2011 செப்டம்பரில் தன் அருந்திறல் வீரர் உலகத்து இதழ்களை நிறுத்தி, 52 இதழ்களை முதல் எண்ணிட்டுப் புதிதாகத் தொடங்கிற்று. பழைய வீரர் சிலர் தம் முன்வரலாற்றை இழந்தனர். முன்பு இல்லாத மாந்தர் பலர் உள்ளே வந்தனர். வந்தவருள் சிலர் நிலைத்தனர். சிலர் தடமின்றி மறைந்தனர். நிலைத்தவர் எதனால் நிலைத்தனர் என்பது திறனாய்வாளர் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இவ்வினா படக்கதைக்கு மட்டும் உரியதன்று. பழைய வீரரை ஒரு தொகையாக எண்ணி, அவர் காலம் முடிந்தது என்று கூறி, அவர் இடத்தில் புதிய தலைவன் ஒருவனை நிறுத்தும் முறை சங்கச் செய்யுளிலேயே இருக்கிறது. புறநானூற்று 158ஆம் பாட்டும் சிறுபாணாற்றுப்படையும் அதற்குச் சான்று. இவ்விரண்டிலும் எண்ணப்படும் எழுவருள் கொல்லிமலைத் தலைவனான வல்வில் ஓரியும் ஒருவன். அவனை அளவுகோலாகக் கொண்டு, தொகை செய்யப்படும்போது பழைய மாந்தர் இழப்பது யாது, புதிய மாந்தர் நிலைபெறுவது எதனால் என்னும் இரண்டினையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொகைக்கு முந்திய ஓரி

ஓரியைப் பற்றிய தனிப்பாடல்களுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டு. காட்டில் வேட்டுவன் ஒருவன் எய்த அம்பு யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று, மானையும் பன்றியையும் உருட்டிப் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. கண்ட பாணர் கூட்டத்தார் அவன் யாரென்று அறியார். இவன் கூலிக்கு வேட்டையாடுபவன் போல இல்லையே, ஓரிதானோ, அல்லனோ என்று ஐயுறுகின்றனர். அவர்கள் பாடி முடித்துத் தலைவனை விளித்தபோது அவன் நாணுகிறான். அவர்கள் வந்த காரணத்தைச் சொல்லவும் விடாமல், ஊனும் மதுவும் தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் அவ்விடத்திலேயே வழங்குகிறான். மக்கள் ஆற்றலை விஞ்சிய ஒரு செயலும், தன்னை மறைத்துக்கொண்ட ஒரு தலைவனும் இப்பாட்டில் ஒருங்கே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

அவரே பாடிய 153ஆம் பாட்டில், ஓரி தந்த வளத்தால் பசி நீங்கிய கூத்தர் ஆடலையும் பாடலையும் மறந்துவிடுகின்றனர். கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாட்டோ வேறு நிலையினது. இரத்தலின் இழிவையும் மறுத்தலின் இழிவையும் எடுத்துரைத்து, பரிசில் கிட்டாவிடினும் தாம் புறப்பட்ட வேளையையும் புள்நிமித்தத்தையும் நோவதன்றி ஓரியை நோவதில்லை என்று புலவர் முடிக்கிறார். கொடைக்குப் பெயர் பெற்றவன் வாயிலிலும் புலவர்க்கு ஐயம் இருந்தது என்பது இதனால் அறியப்படும்.

ஓரியின் முடிவையும் தனிப்பாடல்கள் மறைக்கவில்லை. முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூற்று 209ஆம் பாட்டு கூறுகிறது. கொன்ற பின்னர்க் காரி ஓரியின் தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320இல் கபிலர் உவமையாக்குகிறார். கொல்லிப்பாவையும் இம்மாற்றத்துக்குச் சான்றாக நிற்கிறது. குறுந்தொகை 100இல் கபிலர் அதனை ஓரியின் கொல்லிப்பாவை என்கிறார். குறுந்தொகை 89இல் பரணர் பொறையனின் கொல்லிப்பாவை என்கிறார். பாவை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மலைக்குரியவன் பெயர் மட்டும் மாறிவிட்டது. ஒரு குடியின் வீழ்ச்சி ஓர் உவமையின் அடைமொழியிலே தங்கியிருக்கிறது.

2. தொகையுள் ஓரி

இனி, தொகையுள் புகுந்த ஓரியைக் காண்போம். பெருஞ்சித்திரனார் பாடிய புறநானூற்று 158ஆம் பாட்டு பாரி, ஓரி, காரி, எழினி, பேகன், ஆய், நள்ளி என்னும் முறையில் எழுவரை எண்ணுகிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை பேகன் முதலாக ஓரி ஈறாக அவ்வெழுவரையே எண்ணுகிறது. முறை வேறு, ஆட்கள் ஒருவரே. ஆதலின் ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியிருத்தல் வேண்டும்; அன்றேல் இரண்டுக்கும் முன்னரே இவ்வெண் வழக்கில் நிலைத்திருத்தல் வேண்டும். எவ்வாறாயினும், எழுவர் என்பது வரலாறு தானே ஈந்த கூட்டமன்று. புலவர் நாவில் அமைந்த கூட்டமாகும். அவ்வெழுவரும் ஒரே அவையில் இருந்தவரல்லர். ஒருவர்க்கொருவர் துணைநின்றவரும் அல்லர்.

இத்தொகையுள் ஓரி இழந்தவை சில. 158ஆம் பாட்டில் அவன் கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி என்ற அளவில் நிற்கிறான். அம்பு ஊடுருவிச் சென்ற ஐந்து விலங்குகளும் ஓர் அடைமொழிக்குள் அடங்கிவிட்டன. சிறுபாணாற்றுப்படையிலோ அவ்வடைமொழியும் இல்லை. கொல்லி என்னும் பெயரும் இல்லை. கூத்தர்க்கு நாடு ஈந்தவன், காரி என்னும் குதிரையையுடைய காரியோடு பொருத, ஓரி என்னும் குதிரையையுடைய ஓரி என்பதே அங்குள்ள செய்தி. பொருதான் என்பது உண்டு. அப்போரின் முடிவு இல்லை. 158ஆம் பாட்டிலும் ஓரியும் காரியும் அடுத்தடுத்து நிற்கின்றனர். ஒருவன் கையால் மற்றவன் இறந்தான் என்னும் குறிப்பு இல்லை.

இவ்விடுபாடு தற்செயலானது என்று கொள்ளற்க. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே நுகத்தைச் சுமந்த இணையராக எண்ணப்பட வேண்டுமாயின், கொலை மறக்கப்பட்டே ஆதல் வேண்டும். பேகனிடத்தும் இதுவே நிகழ்ந்தது. மனைவி கண்ணகியை அவன் பிரிந்திருந்தமை பற்றிக் கபிலர், பரணர் முதலியோர் இடித்துரைத்த பாட்டுகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை தொடர்ந்துள்ளன. சிறுபாணாற்றுப்படையில் எஞ்சியவை மயிலும் போர்வையுமே. தொகை என்பது பெருமையைப் பாதுகாக்கும் பேழை என்று நாம் எண்ணுகிறோம். அது வழக்குகளைத் தீர்க்காமலே மூடிவைக்கும் பேழையுமாகும். கடையெழு வள்ளல்களைப் பற்றி எழுதும் மாணவர் தொகையிலிருந்து தொடங்கித் தனிப்பாடலை அதற்கு விளக்கமாகக் கொள்ளுதல் வழக்கமாகிவிட்டது. தனிப்பாடலிலிருந்து தொடங்கித் தொகை எதனை விட்டது என்று காண்பதே முறையாகும்.

3. புதியவர் இருவர்

எழுவரை முடித்துவைத்தது எதற்காக? புதிய தலைவனைக் கொண்டுவருவதற்காக. எழுவரும் மாய்ந்த பின்னர் இரவலர் துன்பம் தீர்க்க முதிரமலைக் குமணன் உளன் என்று கேட்டு வந்ததாகப் பெருஞ்சித்திரனார் பாடுகிறார். எழுவர் பூண்ட ஈகை நுகத்தை ஒருவனாகத் தாங்கியவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் என்று நத்தத்தனார் பாடுகிறார். இருவரும் ஒரே வாயில் வழியாகவே உள்ளே வந்தனர். ஆயினும் பிற்காலத்தில் இருவர் நிலையும் ஒன்றாகவில்லை. குமணன் எழுவருள் சேராதவனாயினும் வள்ளல் என்றவுடன் நினைவிற்கு வருகிறான். நல்லியக்கோடனைப் பத்துப்பாட்டுப் பயின்றோரே அறிவர். 269 அடி கொண்ட முழு நூல் ஒன்று பெற்றவன் மறைய, சில தனிப்பாடல்களே பெற்றவன் நின்றது எவ்வாறு?

விடை புறநானூற்று 165ஆம் பாட்டில் உள்ளது. தம்பியிடம் நாட்டை இழந்து காட்டிலிருந்த குமணன், தன்னை நாடிவந்த பெருந்தலைச் சாத்தனார்க்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமையின், தன் தலையைக் கொண்டு பயன்பெறுமாறு வாளை அவர் கையில் கொடுத்தான். இச்செயல் எழுவருள் எவரும் செய்யாதது. முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை, ஔவைக்கு நெல்லிக்கனி என்னும் கொடைகள் உடைமையின் எல்லைக்குள் நின்றன. உடைமை யாவும் போன பின்னும் கொடை உண்டு என்று காட்டியவன் குமணன். எழுவர் பெயரை அடியோடு நீக்கினும் இச்செயல் தனித்து நிற்கும்.

நல்லியக்கோடனுக்கு அத்தகைய செயல் ஒன்று கூறப்படவில்லை. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களின் விருந்தும், கிடங்கில் மன்னனின் அன்பான உபசரிப்பும் நயமாகப் பாடப்பட்டுள்ளன. ஆனால் விருந்தோம்பல் ஆற்றுப்படைத் தலைவர் அனைவர்க்கும் பொதுவானது. அந்நூலில் படிப்போர் நெஞ்சை விட்டு அகலாத காட்சி, கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கும் வறிய அட்டிலும், அங்கு உப்பின்றி வெந்த கீரையுமே. அது பாணனுடையது, மன்னனுடையது அன்று. புறத்திணை நன்னாகனார் புறநானூற்று 176இல் நல்லியக்கோடனைப் பாடும்போதும், பாரியின் பறம்பிலுள்ள சுனைநீரே உவமையாக வந்து நிற்கிறது. பழையவனைக் கொண்டே அறியப்படுபவன் பழையவனை நீக்கியபின் மங்குகிறான்.

தொகையை முன்னோக்கி நீட்டியது இவ்வாறாக, நிகண்டு மரபு அதனைப் பின்னோக்கி நீட்டிற்று. கடையெழுவர்க்கு முன் இடையெழுவரும், அவர்க்கு முன் தலையெழுவரும் அமைக்கப்பட்டனர். சகரன், நளன், விராடன், சிசுபாலன், அக்குரன், கன்னன் முதலிய புராண, இதிகாச மாந்தர் அவ்விடங்களை நிரப்பினர். இவருள் கொடையாற் புகழ் நின்றவன் கன்னன். அவன் புகழும் பாரதம் தந்தது, நிகண்டு தந்ததன்று. ஏனையோரை வள்ளலாகக் காட்டும் செயல் தமிழில் வழங்காமையின், அவர்கள் எண்ணிக்கையை நிரப்பும் பெயர்களாகவே நின்றுவிட்டனர்.

4. ஒப்பீடு

தொடக்கத்திற் குறித்த படக்கதை உலகிலும் இவ்விதியே காணப்படுகிறது. 2011இல் வெளிவந்த 52 முதல் இதழ்களிலும் முக்காடிட்ட பெண் ஒருத்தி ஏதேனும் ஒரு மூலையில் தோன்றினாள். பாண்டோரா என்பது அவள் பெயர். கதையுலகம் மாறியதற்குச் சான்றாக நிற்பதே அவள் பணி. 2013இல் அவள் பெயரில் தனி இதழ் தொடங்கி 2014இல் நின்றது. 2016இல் அந்நிறுவனம் மீண்டும் தன் உலகைச் சீரமைத்தபோது அவள் கொல்லப்பட்டாள். மாற்றத்தைச் சுட்டுவதற்காகவே பிறந்தவள் அடுத்த மாற்றத்தைத் தாண்டவில்லை.

அதே 2011இல் பேட்மேன் கதையில் ஸ்காட் ஸ்னைடரும் கிரெக் கப்புல்லோவும் படைத்த ஆந்தை அவை என்னும் மறைகூட்டம் வேறு வகையினது. தன் நகரைத் தான் முற்றும் அறிவேன் என்னும் பேட்மேனின் துணிவை அது உடைத்தது. அச்செயல் முந்திய பகைவர் எவரும் செய்யாதது. ஆதலின் அது 2016க்குப் பின்னும் நிலைத்தது. தொலைக்காட்சித் தொடரிலும் இடம்பெற்றது. 1956இல் ஃபிளாஷ் என்னும் பழைய பெயரைத் தாங்கி வந்த பாரி ஆலனும் இதற்குச் சான்று. 1940இல் தோன்றிய முதல் ஃபிளாஷை அவன் 1961இல்தான் நேரிற் சந்தித்தான். அதற்குள் தன் கதைகளாலேயே தன் இடத்தைப் பெற்றுவிட்டான்.

5. முடிவு

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று: பழைய மாந்தரைத் தொகையாக்கி மூடும்போது, அவர்தம் முரண்களும் முடிவுகளும் முதலில் மறைகின்றன. ஓரியின் கொலை மறைந்தது அவ்வாறே. மற்றொன்று: புதிய மாந்தர் நிலைபெறுவது பழையவரின் வழிவந்தவர் என்னும் உரிமையால் அன்று, பழையவர் செய்யாத ஒன்றைச் செய்ததனால் ஆகும். எழுவரை நீக்கிவிட்டுப் பார்த்தும் எஞ்சி நிற்பவனே எட்டாமவன் எனப்படத் தகுவான்.

மக்கள் நினைவு தொகைக்கு முற்றிலும் கட்டுப்படுவதில்லை என்பதற்கும் கொல்லியே சான்று தருகிறது. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அம்மலையில், செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடித் திங்களில் அரசு அவன் பெயரால் விழா எடுக்கிறது. அவ்விழாவில் விற்போட்டி நடைபெறுகிறது. சிறுபாணாற்றுப்படை விட்ட வில்லை மலை விடவில்லை. ஆயின் முள்ளூர்க் காரியின் கையால் ஓரி வீழ்ந்த செய்தியையும், கழைதின் யானையார் அவன் வாயிலில் நின்று கொண்ட ஐயத்தையும் விழா சொல்லாது. அவற்றைச் சொல்லுதல் தனிப்பாடல்களைப் பயில்வோர் கடனாகும்.