பார் என்னும் துணைவினை

சமையல் நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "அதற்குத்தான் வாரப் பத்திரிகைகள் இருக்கின்றனவே" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் நம் வட்டத்தின் ஒரு பழக்கம் இருக்கிறது. ஜனரஞ்சகமான எதையும் 'வியாபாரம்' என்ற ஒரே சொல்லில் தீர்த்துவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விடுவோம். அந்தச் சொல் பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுகிறது. அதனாலேயே யோசனை அங்கே நின்றுபோகிறது. விஜய் டிவியின் 'குக்கு வித் கோமாளி' வியாபாரம்தான். அதற்கு முன் மத்தியான வேளைகளில் வந்துகொண்டிருந்த சமையல் பாடங்களும் வியாபாரம்தான்; எண்ணெய்க் கம்பெனியும் மசாலாக் கம்பெனியும் இல்லாமல் அவை நடந்ததில்லை. இரண்டும் வியாபாரம் என்றால், இரண்டுக்கும் இடையில் நிகழ்ந்த மாறுதலை விளக்க அந்தச் சொல் உதவாது. வேறு ஏதாவது வேண்டும்.

எனக்கு உதவிய விஷயம் இலக்கணத்தில் கிடைத்தது. எஸ். மீனாக்ஷி அம்மாள் 1951இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'சமைத்துப் பார்'. தமிழில் 'பார்' தனியே நின்றால் கண்ணின் வேலை. இன்னொரு வினையை ஒட்டி வந்தால் அது துணைவினையாகி, முயற்சியைக் குறிக்கிறது. செய்து பார், எழுதிப் பார், கேட்டுப் பார். கை முதலில் இறங்க வேண்டும். பார்வை அதன் பின்னால் வரும். கண்ணால் கண்டது அறிவாவதற்கு முன் கை ஒருமுறை சுட்டுக்கொண்டாக வேண்டும் என்ற நியதி இந்த மொழி அமைப்பிலேயே இருக்கிறது. மீனாக்ஷி அம்மாள் வாசகியிடம் கேட்டது அதைத்தான். பெரியவர்கள் அருகில் இல்லாத வீட்டில், புதிதாக அடுப்பின் முன் நிற்கிற ஒருத்தியிடம் பேசுகிற குரல் அது. தொலைக்காட்சி செய்த காரியம் இந்தத் துணைவினையை முழு வினையாக்கியது. சமைத்துப் பார் என்பது சமைப்பதைப் பார் என்றாகிவிட்டது.

இந்த மாறுதல் ஒரே நாளில் நடக்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. 1993இல் சன் டிவி வந்தது. அதே ஆண்டில் ஸீ டிவியில் சஞ்சீவ் கபூரின் 'கானா கஜானா' ஆரம்பித்தது. அதன் பின் பல வருஷங்கள் தமிழ்ச் சேனல்களில் சமையல் என்றால் பாடம்தான். மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம், பிறகு தாமு என்கிற தாமோதரன், வெங்கடேஷ் பட். ஒரு மேஜை, ஒரு அடுப்பு, கண்ணாடிக் கிண்ணங்களில் அளந்து வைத்த சாமான்கள். சினிமாப் பாட்டு ஓடும் சேனலில் இதைப்போல அலுப்பூட்டும் காட்சி வேறில்லை. ஆனால் அந்தப் பாடங்களில் திரும்பத் திரும்ப வந்த இரண்டு வாக்கியங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பச்சை வாசனை போகும்வரை வதக்க வேண்டும் என்பது. மற்றது, தேவையான அளவு உப்பு என்பது.

தொலைக்காட்சியில் வாசனை வராது. வராது என்பது சொல்பவருக்கும் தெரியும். அப்படியும் வாசனையை அளவாகச் சொல்கிறார் என்றால், அவர் பேசுவது தன் ஸ்டுடியோ அடுப்பைப் பற்றி அன்று. நாளைக்கு என் வீட்டில் எரியப்போகிற அடுப்பைப் பற்றி. உப்பும் அப்படியே. அளவை என் நாக்கிடமே விட்டுவிடுகிறார். அதாவது இந்த நிகழ்ச்சி திரையில் முடிவதில்லை. அது முழுமையடைய இன்னொரு சமையலறையும் இன்னொரு கையும் வேண்டும். ப்ரெக்ட் 1920களின் இறுதியில் எழுதத் தொடங்கிய கல்வி நாடகங்கள் பார்வையாளர்களைவிட நடிப்பவர்களுக்கே பயன்பட வேண்டியவை என்று சொன்னார். வெறும் சுகம் தருகிற ஓபராவை ஏசுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் 'சமையல்தனமானது' என்பது. சமையல் பாடம் அவருடைய வசவைவிட அவருடைய லட்சியத்துக்குத்தான் பக்கத்தில் இருந்தது என்பது ஒரு விநோதம்.

பழைய பாடங்களைப் பூஜை செய்யவும் நான் தயாராக இல்லை. அவற்றில் ஒரு பெரிய பொய் இருந்தது. நாற்பது நிமிஷம் வேக வேண்டியதை அடுப்பில் வைத்த கையோடு, முன்பே வெந்த இன்னொரு பாத்திரம் மேஜைக்கு வந்துவிடும். பக்குவம் என்பதே காலம்தான். அந்தக் காலத்தை வெட்டியெடுத்துவிட்டுப் பக்குவத்தைக் கற்பிப்பதாகச் சொன்னார்கள். பிழைக்கும் அங்கே இடமில்லை. எதுவும் தீயாது, எதுவும் குழையாது. அமெரிக்காவில் 1963இல் தொடங்கிய நிகழ்ச்சியில் ஜூலியா சைல்ட் ஓர் உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப்போடும்போது அது பாதி வெளியே விழுந்தது. அதைத் திரும்ப அள்ளி வாணலியில் சேர்த்துக்கொண்டு, சமையலறையில் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற மாதிரி சொன்னார். தவறு அங்கே பாடத்தின் பகுதியானது. நம்முடைய பாடங்களுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

இன்னும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். எந்தச் சமையல் தமிழ்ச் சமையல் என்று பெயர் பெற்றது என்பது ஒன்று. மீனாக்ஷி அம்மாளின் புத்தகம் ஒரு பிராமண வீட்டுச் சமையலறையின் ஞானம். அதில் மாமிசம் கிடையாது. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. 1957இல் நாகசாமி நாயுடு இங்கே தொடங்கிய பிரியாணிக் கடை அவருடைய தலைப்பாகையின் பெயராலேயே அறியப்பட்டு, இன்று வெளிநாடுகள்வரை போயிருக்கிறது. சீரக சம்பாவுக்குத் தண்ணீர் எவ்வளவு, தம் எப்போது உடைக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஊரில் பல பேருடைய கையில் இருக்கிறது. மாஸ்டரின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்று பழகியது. புத்தகம் அந்தப் பக்கம் வர வெகுகாலம் ஆயிற்று. இரண்டாவது குறை, பாடத்தின் மாணவி எப்போதும் பெண்ணாகவே இருந்தது. அந்த மத்தியானப் பாடம் அவளுக்கு ஓய்வு வேளையில் தரப்பட்ட இன்னொரு வேலை.

2019 நவம்பரில் 'குக்கு வித் கோமாளி' தொடங்கியது. சமைக்கத் தெரிந்த ஒருவர். சமைக்கத் தெரியாத ஒரு கோமாளி. இருவரையும் ஜோடி சேர்த்து, கடிகாரத்தை ஓடவிட்டு, நடுவில் ஏதாவது ஒரு தடையைப் போடுவது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள் தாமுவும் வெங்கடேஷ் பட்டும். எந்த இருவர் மேஜைக்குப் பின்னால் நின்று நமக்குப் பாடம் சொன்னார்களோ அதே இருவர். நம்முடைய ஆராய்ச்சிக்கு இதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது. ஆட்கள் மாறவில்லை, அவர்கள் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பது மாறிவிட்டது. முன்பு காமிராவைப் பார்த்து, 'நீங்கள்' என்று என்னிடம் பேசினார்கள். இப்போது ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடுகிறார்கள். காமிரா அந்த மூடிய கண்ணைப் பார்க்கிறது. ருசியைத் திரையில் அனுப்ப முடியாது என்பது பழைய பாடத்துக்கும் தெரியும், அதனால் செய்முறையை அனுப்பியது. புதிய நிகழ்ச்சி ருசிப்பவரின் முகத்தை அனுப்புகிறது. எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

ரோலண்ட் பார்த் 1957இல் 'மித்தாலஜீஸ்' தொகுப்பில் இதன் ஆரம்பத்தைப் பார்த்துவிட்டார். 'எல்' என்ற பெண்கள் பத்திரிகையின் வண்ணப்படச் சமையலைப் பற்றி எழுதியபோது, பளபளப்புப் பூசி மேலிருந்து படமெடுத்த அந்தப் பண்டங்கள் பார்ப்பதோடு உண்டு முடிந்துவிடுபவை என்றார். அதைவிட முக்கியமாக, வாங்க வசதியுள்ளவர்கள் படிக்கும் பத்திரிகையில் செய்யக்கூடிய சமையலும், வசதியில்லாதவர்கள் படிப்பதில் கனவுச் சமையலும் வருகின்றன என்று கவனித்தார். ஆனால் பார்த்தின் கத்தி நம் நிகழ்ச்சியை முழுக்க வெட்டாது. 'எல்' பத்திரிகையில் சிரிப்பு கிடையாது. இங்கே எல்லாமே சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நம் கூத்தில் கட்டியங்காரன் கோமாளிதான். ஆனால் அவனுக்குக் கதை முழுதும் தெரியும். தெரிந்தவன் தெரியாதவன் மாதிரி கேட்பதுதான் அவனுடைய கலை. ராஜாவைக் கேலி செய்துகொண்டே கதையைச் சபைக்கு அவிழ்த்துச் சொல்பவன் அவன். தொலைக்காட்சிக் கோமாளியின் தகுதி அவருக்கு நிஜமாகவே சமையல் தெரியாது என்பது. அப்படியானால் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் எங்கோ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சிரிப்பு எழாது. அந்த ஆள் யார் என்பது எனக்குத் தெரிந்தது புத்தகத்தால் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அம்மா ஒட்டன்சத்திரம் பக்கம் அக்கா வீட்டில் மாட்டிக்கொண்டாள். மெஸ் மூடிவிட்டது. வங்கி மட்டும் திறந்திருந்தது. தாமுவின் பழைய பாடம் ஒன்றைப் போனில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி, முப்பது வயதைக் கடந்த நான் முதல்முறையாக சாம்பார் வைத்தேன். மூன்று தடவை கெட்டது. பச்சை வாசனை என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அது போகிற கணம் எது என்று மூக்குக்குத் தெரிந்தது நான்காவது தடவையில். அடுத்த வருஷம், கோமாளி நிகழ்ச்சியின் இரண்டாவது பருவம் ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது, வார இறுதிகளில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மா நாற்பது வருஷம் சமைத்தவள். அடுப்படிக்குப் போகாமல் சமையலைப் பார்த்து அவள் சிரித்ததை அப்போதுதான் கண்டேன். "அடுப்பக் கொறைச்சு வைடா, தீயுது பாரு" என்று கோமாளியை அதட்டுவாள். தீய்ந்தால் கைதட்டுவாள். தீய்ந்ததற்கு அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பழைய பாடங்களை உயர்வாகப் பேசுகிற நான், அந்தப் பாடங்களின் மாணவி எவ்வளவு களைத்திருந்தாள் என்று யோசித்ததில்லை.

அந்த மூன்றாவது ஆள் அம்மாதான். புளி எப்போது விட வேண்டும் என்று தெரிந்தவளுக்குத்தான் அதைத் தப்பான நேரத்தில் விடுவது ஹாஸ்யம். கருகல் அவளுடைய மூக்கில் அடிப்பதால்தான் சிரிக்கிறாள். நிகழ்ச்சி அந்த ஞானத்தை உண்டாக்கவில்லை. அவளிடம் ஏற்கெனவே இருந்ததிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. என் தொழில் பாஷையில் சொன்னால், பற்று மட்டுமே எழுதப்படுகிற கணக்கு இது. வரவு வைத்தவர்கள் மீனாக்ஷி அம்மாளும், மத்தியானப் பாடங்களும், அவற்றுக்கெல்லாம் முன்னால் பெயர் தெரியாத பாட்டிகளும், பிரியாணி மாஸ்டர்களும். இருப்பு இருக்கிறவரை காசோலை செல்லும். அக்காவின் மகள் அதே நிகழ்ச்சியைப் பார்த்து அதே இடங்களில் சிரிக்கிறாள். ஆனால் பாட்டி சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறாள். பாட்டி இல்லாத அறையில் கோமாளி விழுவது மட்டும்தான் மிஞ்சும். அதற்கு அடுப்பு தேவையில்லை. 2024இல் பட் விலகிப்போய் சன் டிவியில் சேர்ந்த நிகழ்ச்சிக்கு 'டாப் குக்கு டூப் குக்கு' என்று பெயர் வைத்தார்கள். டூப் தலைப்புக்கே வந்துவிட்டது.

ஆனாலும் நிகழ்ச்சிக்குள்ளேயே ஒரு மறுப்பு இருக்கிறது. முந்தைய பருவங்களில் கோமாளியாக வந்த சிவாங்கி, 2023இல் நான்காவது பருவத்தில் சமைப்பவராக வந்து போட்டியிட்டார். ஸ்டுடியோவில் சமைப்பவர் பக்கத்தில் நின்று, வெங்காயம் உரித்து, கையைச் சுட்டுக்கொண்ட ஒருவர் கற்றுக்கொண்டுவிட்டார். மாஸ்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்த பையன் கற்கிற அதே வழி. கோடிப் பேர் பார்த்தார்கள். கற்றது அருகில் நின்ற கை.

சமையல் வேடிக்கையாவது புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆகஸ்டு மாதம் நடக்கிற புனித செபஸ்தியார் திருவிழாவில், நேர்ச்சையாக வந்த ஆடுகளும் கோழிகளும் ராத்திரி முழுக்க வெந்துகொண்டிருக்கும். பெரிய பெரிய பாத்திரங்களைச் சுற்றிக் கூட்டம் நின்று பார்க்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் அரிவாள்மனையோ கரண்டியோ இருக்கிறது. மீதிப் பேர் கையில் பாத்திரம். அங்கே பார்ப்பது உழைப்பிலோ பந்தியிலோ போய் முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்' உலகம் முழுதும் பிடித்துப்போனதற்கும் இந்த ஞாபகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். தாத்தா பெரியதம்பியும் பேரன்களும் சாமான்களின் பெயரை வயலே அதிரக் கத்திப் போடுகிறார்கள். அளவு சொல்வதில்லை, அதைப் பார்த்து நாம் சமைக்கவும் முடியாது. ஆனால் விறகு எரிகிறது, புகை கண்ணைக் கரிக்கிறது, முடிவில் முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறார்கள். தீர்ப்பு இல்லை, பந்தி இருக்கிறது. ஸ்டுடியோவில் ஒரு கரண்டிக்குப் பிறகு மீதி எங்கே போகிறது என்று யாரும் காட்டுவதில்லை.

ஆகையால் போதனையா கேளிக்கையா என்று பிரித்து ஒன்றுக்கு மாலை போடுவது எனக்குச் சரியாகப்படவில்லை. அம்மாவுக்குச் சிரிக்க உரிமை உண்டு. அவள் வரவு வைத்த கணக்கிலிருந்துதான் எடுக்கிறாள். எனக்கு அந்த உரிமை நான்காவது சாம்பாருக்குப் பிறகே கொஞ்சம் கிடைத்தது. எதைப் பார்த்தாலும், பார்த்தபின் கை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கவிதை எழுதுவதை வேடிக்கை பார்ப்பவர்கள் பெருகி, எழுதிப் பார்ப்பவர்களும் படித்துப் பார்ப்பவர்களும் குறைகிற காலத்தில், இதை நம்மிடமும் கேட்டுக்கொள்ளலாம் என்று நண்பரிடம் சொன்னேன். "முதலில் உன் சாம்பாரைப் போடு, பார்க்கலாம்" என்றார். அவர் உபயோகித்த 'பார்க்கலாம்' துணைவினை இல்லைதான். ஆனாலும் போட்டேன். உப்பு குறைவு என்றார்.