நோட்டுஸ்வரமும் கெல்டிய ஆடலிசையும்: ஒரு மதிப்பீடு

பிறர் கலையை ஏற்கும் சமூகம் அதனைத் தன் இயல்புக்கேற்ப மாற்றித் தனதாக்கிக் கொள்ளலாம். வந்த வடிவிலேயே வைத்துப் போற்றவும் செய்யலாம். கர்நாடக இசையில் இவ்விரண்டும் ஒரே குடும்பத்தில் நிகழ்ந்தன. பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859) ஐரோப்பிய வயலினை நம் இசைக்குரிய கருவியாக்கினார். அவர்தம் தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835), மணலியில் வாழ்ந்த காலத்தில் சென்னைக் கோட்டையின் பாண்டு இசையைக் கேட்டு, மேனாட்டு மெட்டுகள் சுமார் 40-க்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். இவையே நோட்டுஸ்வரங்கள் எனப்படுவன.

இவற்றுள் சில, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளின் ஆடல் மெட்டுகளாகும். 'ஜகதீச குருகுக' என்பது 'லார்டு மக்டொனால்டின் ரீல்' என்னும் ஆடலிசையில் அமைந்தது. கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் 2008-இல் வெளியிட்ட 'விஸ்மயா' என்னும் ஒலிப்பதிவு, நோட்டுஸ்வரங்களை மேனாட்டுக் கருவியிசையோடு இணைத்து, இந்திய-கெல்டிய இசைப்பயணமாக வழங்குகிறது. சுங்கை பாக்காப்பில் இசையார்வலர் ஒருவர் இல்லத்தில், ஒரு மாலைப்பொழுது, இதனையும் கெல்டிய ஆடலிசைப் பதிவுகள் சிலவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டோம். அதன்வழி எழுந்த கருத்துகளே ஈண்டுத் தரப்படுகின்றன.

ரீல் என்பது நான்கெண்ணிக்கையில் விரைந்து செல்லும் இசை. ஆடுவோர் பாதங்களுக்கெனப் பிறந்தது. தீட்சிதர் அதன் சுரங்களைச் சங்கராபரணச் சுரங்களாகக் கொண்டு, கமகமின்றி நேராக நிறுத்தினார். விளம்ப காலத்தில் கமகங்களை விரித்துப் பாடும் கிருதிகளால் புகழ்பெற்ற அவர், இங்குத் தம் புலமையை அடக்கிக்கொண்டு மெட்டுக்கு வழிவிட்டார். 'குருகுக' என்னும் தம் முத்திரையை மட்டும் அதில் பதித்தார். இவ்வடக்கமே இப்படைப்புகளின் சிறப்பு எனலாம்.

ஆயினும் இன்று நோட்டுஸ்வரங்கள் பெரும்பாலும் சிறார்க்குரிய பயிற்சிப் பாடல்களாகவோ கச்சேரியின் இறுதியில் இடம்பெறும் துணுக்குகளாகவோ கருதப்படுகின்றன. பக்தியின் பொருட்டு வேகத்தைக் குறைத்துக் கமகம் சேர்த்துப் பாடுவோரும் உளர். அவ்வாறு பாடுங்கால் சொல் நிற்கிறது; ஆடல் மறைகிறது. மேனாட்டுக் கருவிகளின் சூழலை மீட்டுத் தருவதே 'விஸ்மயா'வின் பெருந்தொண்டு. எனினும், ஒலிப்பதிவாதலின் பாதங்களின் ஆட்டத்தை அதனால் காட்டவியலாது. அக்குறையை மேடையே நிறைவுசெய்ய வேண்டும்.

சுங்கை பாக்காப்பில் இதனைக் கேட்டமைக்குத் தனிப்பொருள் உண்டு. அண்மையில், நிபோங் திபால் பகுதியில் உள்ளது கலடோனியா தோட்டம். ஸ்காட்லாந்தின் பழம்பெயர் தாங்கிய அத்தோட்டத்தில் நம் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டினர். பின்னர் பால்மரம் சீவினர். பெயர் நாவில் பழகியது. அந்நாட்டு இசை செவியில் பழகவில்லை. தீட்சிதர் சகோதரர் புரவலர் ஆதரவில் அமர்ந்து கேட்டனர். தோட்டத்திலோ துரை பங்களாவுக்கும் லயத்திற்கும் இடையிலான தொலைவு கலைக்கொடுக்கல் வாங்கலுக்கு இடந்தருவதன்று. மதிப்போடு அமர்ந்து கேட்கும் நிலை வாய்க்கும் இடத்திலேயே கலை கைமாறுகிறது என்னும் உண்மையை நோட்டுஸ்வர வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பரதத்தின் அரங்குமுறையை வகுத்த தஞ்சை நால்வர் தீட்சிதரின் மாணாக்கர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர்தம் மரபில் பயிலும் நம் நாட்டு ஆடற்பள்ளிகள் 'ஜகதீச குருகுக'வை அதற்குரிய வேகத்தில் ஆடிக்காட்டுதல் வேண்டும். அதன் ஸ்காட்லாந்துப் பிறப்பையும் அவையில் அறிவித்தல் வேண்டும். கடன்பெற்றதை மறவாமையும் கலைப்பண்பே.