பான்ஜோவின் பாணிகளும் பெலா ஃபிளெக்கின் பயணமும்

பான்ஜோ என்றதும் அமெரிக்க மலைநாட்டு வெள்ளையரின் வாத்தியம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஆப்பிரிக்கர்களின் வாத்தியம். அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும், கையில் ஒன்றும் இல்லாத நிலையில், நினைவிலிருந்து அதைச் செய்துகொண்டார்கள். சுரைக்குடுக்கையின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, கழியைச் செருகி, தந்தி பூட்டினார்கள். காம்பியாவிலும் செனகலிலும் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொன்டிங் அதன் நெருங்கிய உறவு. அதற்கு மூன்று தந்தி, ஒன்று குட்டை. ஆள்காட்டி விரல் நகம் மேலிருந்து கீழே அடிக்கும். குட்டைத் தந்தியைக் கட்டைவிரல் தட்டும். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடைகள் வழியாகத்தான் இந்த வாத்தியம் நாடெங்கும் பரவியது. பான்ஜோவின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தச் சிறுமையையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஐந்து தந்தி பான்ஜோவில் அந்தக் குட்டைத் தந்தி இன்றும் இருக்கிறது. அதன் பிரடை கழுத்தின் பாதி வழியில், ஐந்தாம் மெட்டுக்கு அருகே நிற்கும். இடக்கை அதைப் பெரும்பாலும் தீண்டாது. வீணையின் தாளத் தந்திகளைப் போல அது சுருதியையும் லயத்தையும் ஒருசேரத் தரும். அந்தத் தந்தியை எந்த விரல், எப்போது, எத்தனை முறை தொடுகிறது என்பதிலிருந்தே பான்ஜோவின் பாணிகள் பிரிகின்றன.

பழையது கிளாஹாமர். ஆப்பிரிக்க வழியில் நகத்தால் கீழ்நோக்கி அடிப்பது. அப்பலாச்சிய மலைகளில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் துணையாக நிலைத்தது. அடுத்தது ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூவிரல் பாணி. வட கரோலினாவில் மூன்று விரலால் வாசித்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் 1945 டிசம்பரில் பில் மன்றோவின் ப்ளூகிராஸ் இசைக்குழுவில் சேர்ந்த அந்த 21 வயது இளைஞர்தான் அதை ஓர் இலக்கணமாக்கினார். வலக்கையின் இடையறாத சுழற்சியை ‘ரோல்’ என்கிறார்கள். எட்டு சுரங்களை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து அழுத்தம் தருவது அதில் முக்கியமானது. தகிட தகிட தக என்று சொல்லிப் பார்த்தால் நம் காதுக்கு உடனே பிடிபடும். டான் ரீனோ ஒரே தந்தியில் விரல்களை மாற்றி மாற்றி மீட்டி வேகச் சுரங்களைக் கொண்டுவந்தார். பில் கீத் அடுத்தடுத்த சுரங்களை வெவ்வேறு தந்திகளில் வைத்து, ஒன்றின் ஒலி அடங்குமுன் மற்றதை எழுப்பினார். நாதம் சட்டென்று தேய்ந்துவிடும் வாத்தியத்தில் இது பெரிய கண்டுபிடிப்பு.

பெலா ஃபிளெக் இந்த மூவிரல் மரபுகளின் வாரிசு. 1958இல் நியூயார்க்கில் பிறந்தவர். பார்டோக், வேபர்ன், யானாச்செக் ஆகிய மூவரின் பெயர்களையும் சேர்த்து பெலா ஆன்டன் லியோஷ் என்று பெயர் வைத்தார்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முகப்பிசையில் ஸ்க்ரக்ஸைக் கேட்ட சிறுவனுக்குப் பதினைந்து வயதில் தாத்தா ஒரு பான்ஜோ வாங்கித் தந்தார். சேர்ந்த இசைப் பள்ளியில் பான்ஜோவுக்கு இடமில்லை. அங்கே பிரெஞ்சு ஹார்ன் படித்துக்கொண்டு, வெளியே டோனி ட்ரிஷ்காவிடம் பான்ஜோ கற்றார். 1981 முதல் 1989 வரை நியூ கிராஸ் ரிவைவல் குழுவில் வாசித்தார். 1988இல் வந்த அவருடைய இசைத்தொகுப்பின் பெயரே ‘டிரைவ்’. ப்ளூகிராஸ்காரர்கள் ஒரு வாசிப்பை நல்லது என்று சொல்ல முதலில் தேடுவது அந்த உந்துதலைத்தான். வேகம் வேறு, டிரைவ் வேறு. தாளத்தைத் துளியும் பிடித்து இழுக்காமல், குழு முழுவதையும் முன்னே தள்ளிக்கொண்டு போகிற அழுத்தம் அது.

அவர் வேலி தாண்டியதை நான் மதிப்பதற்குக் காரணம், தாண்டும்போதும் இந்த வலக்கையை விட்டுவிடாததுதான். விக்டர் வூட்டனின் பேஸ், ஹோவர்ட் லெவியின் ஹார்மோனிகா, ராய் வூட்டனின் மின்தாளம் ஆகியவற்றோடு ஃபிளெக்டோன்ஸ் குழுவில் ஜாஸ் வாசித்தபோது ரீனோவின் ஒற்றைத் தந்தி முறை அவருக்குப் பாதை போட்டது. 2001இல் ‘பெர்பெச்சுவல் மோஷன்’ தொகுப்பில் பாக்கையும் ஸ்கார்லாட்டியையும் வாசிக்க அதனோடு கீத்தின் உத்தியும் துணை நின்றது. விரைந்த பகுதிகளில் ஒவ்வொரு சுரமும் மணியாகத் தெறிக்கிறது. நீண்ட நாதத்தை நம்பி எழுதப்பட்ட மெதுவான பகுதிகளில் வாத்தியத்தின் எல்லை தெரிகிறது. அங்கே பியானோவைக் கேட்கவே என் மனம் விரும்புகிறது.

கலப்பிசை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி, ஒருவர் வாசிக்க மற்றவர் ஓரமாக அலங்காரம் செய்வதாகவே முடிகிறது. ஃபிளெக் அப்படிச் செய்யவில்லை. 2005இல் உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி என்று பான்ஜோவோடு போனார். ‘த்ரோ டவுன் யுவர் ஹார்ட்’ ஆவணப்படத்தில் பார்க்கலாம்: உமு சங்காரே பாடும்போதும் அனானியா ங்கோலிகா வாசிக்கும்போதும் அவர் பின்வரிசைக்காரர். பான்ஜோ தன் மூதாதையர் வீட்டில் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்தியாவோடும் அவருக்கு இப்படித்தான் உறவு. 1996இல் வெளிவந்த ‘டாபுலா ராசா’வில் விஷ்வமோகன் பட்டின் மோகன வீணை, சீனத்து எர்ஹு, பூவளூர் ஸ்ரீநிவாசனின் மிருதங்கம் ஆகியவற்றோடு வாசித்தார். பிறகு ஜாகிர் உசேன், எட்கர் மேயர் இருவரோடும் நெடுநாள் கூட்டு. ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழலும் சேர்ந்த ‘ஆஸ் வி ஸ்பீக்’ 2023இல் வந்தது; அடுத்த ஆண்டு அது இரண்டு கிராமி விருதுகள் பெற்றது. அதில் ‘பஷ்டோ’வைக் கேளுங்கள். தபலாவின் சொல்லுக்குப் பான்ஜோவின் ரோல் பதில் சொல்லும் இடங்களில் யாரும் யாருக்காகவும் தம் மொழியைக் குறைத்துக்கொள்ளவில்லை.

2021இல் ‘மை ப்ளூகிராஸ் ஹார்ட்’ தொகுப்புக்காகத் தாய்மரபுக்குத் திரும்பினார். பில்லி ஸ்ட்ரிங்ஸ், மோலி டட்டில், சியரா ஹல் போன்ற இளையவர்கள் அருகே அமர்ந்து வாசிக்கிறார்கள். இன்னொரு பக்கம், மனைவி அபிகெய்ல் வாஷ்பர்ன் கிளாஹாமர் வாசிக்க இவர் மூவிரலில் சேர்ந்துகொள்ளும் இரட்டையர் கச்சேரிகளும் நடக்கின்றன. பழைய பாணியையும் பிந்தைய பாணியையும் ஒரே பாட்டில் அருகருகே கேட்டுப் பிரித்தறிய விரும்பும் ரசிகர்கள் 2014இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.