பெரிய சேஃப்டி மாட்டினால் துப்பாக்கி பத்திரமாகிவிடுமா?

போன மாசம் வருசநாட்டுக்குப் போயிருந்தபோது மாமா தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோவில் ஒருவர் பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் சேஃப்டியைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய புதுப் பாகங்களை மாட்டிக்கொண்டிருந்தார். "மாப்ள, இது நாங்க வச்சிருந்த நைன் எம்எம் மாதிரியேல்ல இருக்கு? இதுக்குப் போயி இவ்வளவு சாமான் விக்கிறாய்ங்களா?" என்றார்.

அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. திரும்பி வந்து கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

மாமா சொன்ன துப்பாக்கி இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் தயாராகும் 9 எம்எம் 1ஏ. இரண்டாம் உலகப்போரின்போது கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் செய்த பிரவுனிங் ஹை-பவரின் நகல். 1926இல் ஜான் பிரவுனிங் இறந்தபிறகு பெல்ஜியத்தின் சாய்வ் முடித்துக் கொடுத்த வடிவம் அது. 1935இல் சந்தைக்கு வந்தது. இதுவும், அமெரிக்காவின் 1911 மாடலும் 'சிங்கிள் ஆக்‌ஷன்' வகை. அதாவது விசைக்கு ஒரே ஒரு வேலைதான்: ஏற்கெனவே பின்னால் இழுத்து நிற்கும் குதிரையை விடுவிப்பது. குதிரையை ஏற்றும் வேலையை அது செய்யாது. அதனால் விசை லேசாக இருக்கும், குறி நன்றாக விழும். அதே காரணத்தால், குதிரை ஏறிய நிலையில் இடுப்பில் வைத்திருப்பவருக்கு சேஃப்டிதான் எல்லாம்.

வெளிச்சந்தையில் விற்கும் பாகங்கள் பெரும்பாலும் இந்தப் பயத்தை நம்பித்தான் விற்கின்றன. எல்லாவற்றுக்கும் 'சேஃப்டி' என்று ஒரே பெயர். என் விமர்சனமே அதில்தான்.

முதலாவது, பெரிதாக்கப்பட்ட சேஃப்டி நெம்புகோல். பழைய ஹை-பவரின் நெம்புகோல் ரொம்பச் சின்னது, கட்டைவிரல் வழுக்கும். பெரிசு வைத்தால் விரலுக்கு வாகாக இருக்கும். ஆனால் உறையில் உரசித் தானே இறங்கிவிடவும் வாய்ப்பு கூடும். பத்திரம் ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது.

இரண்டாவது, எஸ்எஃப்எஸ் என்ற ஏற்பாடு. குதிரையைக் கையால் முன்னே தள்ளினால் சேஃப்டி தானாக விழுந்துகொள்ளும். சேஃப்டியை இறக்கினால் குதிரை தானாகப் பின்னால் எழும். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. எனக்கு உறுத்துவது வேறு. குதிரை படுத்திருந்தால் துப்பாக்கி தூங்குகிறது என்றுதான் பழகியவர் கண் படிக்கும். இதில் பார்க்கப் படுத்திருக்கும், ஒரு விரலசைவில் சுடத் தயாராகிவிடும். இந்த ஏற்பாடு தெரியாத இன்னொருவர் கையில் அது போனால் என்ன ஆகும்?

மூன்றாவது, ஊசி சம்பந்தப்பட்டவை. துப்பாக்கி மூக்குக் குத்திக் கீழே விழுந்தால், விசையைத் தொடாமலே ஊசி தன் வேகத்தில் முன்னே ஓடித் தோட்டாவைத் தட்டிவிடலாம். இதைத் தடுக்க கோல்ட் நிறுவனம் 1983இல் சீரிஸ் 80 என்று ஊசிக்குத் தடை வைத்தது. ஹை-பவரிலும் பின்னால் மார்க் 3இல் தடை வந்தது. இங்கிலிஸ் காலத்து வடிவத்தில் அது கிடையாது. வெளிச்சந்தையில் இதற்குக் கிடைப்பது எடை குறைந்த டைட்டானியம் ஊசியும் வலுவான ஸ்பிரிங்கும். வெளியே எதுவும் தெரியாது, காட்டிப் பெருமைப்பட முடியாது. ஆனால் என் கணக்கில் சேஃப்டி என்ற பெயருக்குத் தகுதி இதற்குத்தான்.

நான்காவதுதான் வேடிக்கை. பிரெஞ்சு ராணுவம் கேட்டது என்று ஹை-பவரில் ஒரு தடை வைத்தார்கள்: மேகஸினை உருவிவிட்டால் சுடாது. 'மேகஸினை எடுத்தாச்சு, காலிதான்' என்று நினைத்து, அறைக்குள் மிச்சமிருக்கும் ஒரு தோட்டாவை மறந்துவிடுவது பழைய தவறு. அதற்கான காவல் இது. விசை கரகரக்கிறது என்று பலர் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். அதற்குப் பெயரும் 'மேம்பாடு'!

என் அளவுகோல் எளிது. கை தப்பு செய்தால் இந்தப் பாகம் காப்பாற்றுமா? காப்பாற்றினால் சேஃப்டி. கை சரியாக நடந்தால்தான் பயன்படும் என்றால் அது வசதி. வசதியும் தேவைதான், மறுக்கவில்லை. 1911க்குக் கட்டைவிரல் சேஃப்டி வந்ததே குதிரைப்படை கேட்டதால். குதிரைமேல் இருப்பவன் ஒரு கையாலேயே துப்பாக்கியை அடக்க வேண்டுமே! ஆனால் வசதியைக் காவல் என்று சொல்லி விற்றால், வாங்கியவர் கவனத்தைக் குறைத்துக்கொள்வார். அங்கேதான் ஆபத்து.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி. மொச்சைக் காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸோடு வைத்திருந்தார். அதுவும் குதிரையைக் கையால் ஏற்றுவதுதான்; பாதி ஏற்றத்தில் நிறுத்துவது ஒன்றே காவல். ஒருநாள் கேப்போடு சுவரில் சாத்தியிருந்ததை நாய் தட்டிவிட, தேய்ந்த பல் நழுவி வெடித்தது. ரவை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை என் அம்மா.

அதற்குப்பிறகு தாத்தா குதிரைக்கு அடியில் ஒரு தோல் துண்டு வைக்க ஆரம்பித்தார். எங்க வீட்டு எஸ்எஃப்எஸ். ஆனால் வைக்க மறந்தால் போச்சு. பாட்டி அதை நம்பவில்லை. கேப்புகளை எல்லாம் எடுத்து அஞ்சறைப்பெட்டியில் வைத்துக்கொண்டார். தாத்தா காட்டுக்குக் கிளம்பும்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும். தாத்தா மறந்தாலும் வீட்டில் துப்பாக்கி வெடிக்காது.

நம்மூரில் இந்தச் சாமான்களை வாங்கி மாட்டும் பேச்சே இல்லை. 9 எம்எம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸில் .32 வைத்திருப்பவரும் வீட்டில் உட்கார்ந்து உள்பாகத்தை மாற்ற முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றவும் பழுது பார்க்கவும் அதற்கென்று லைசென்ஸ் வேண்டும்.

மாமாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். "நாங்க அறையில தோட்டாவே ஏத்தி வைக்க மாட்டோம் மாப்ள. வேணுங்கிறப்ப இழுத்துக்கிறது" என்றார். அதற்கு இரண்டு கை வேண்டும், ஒரு நொடி தாமதமும் ஆகும். ஆனாலும் பாட்டியின் அஞ்சறைப்பெட்டிக் கணக்கு அதேதான்.